தனியாக ஆர்.வி.யில் சுற்றும்போது வழிபாடும் துணையும்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் தனியாளாக ஆர்.வி.யில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியில், மாதக்கணக்கில் சுற்றக் கிளம்புகிறவர்களுக்காக எழுதியது இது. வண்டியை ஓட்டவும், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்புகளைப் போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அது தெரிந்தபிறகும் தடுமாறுகிறவர்கள் நிறைய. மூன்றாவது வாரம் வந்ததும் "யாரிடமும் நாலு வார்த்தை பேசவில்லையே" என்று புலம்ப ஆரம்பிப்பார்கள்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். முதலில் பாதையைப் போட்டுவிடுகிறார்கள். கோயிலோ சர்ச்சோ மசூதியோ மனிதர்களோ வழியில் தானாகக் கிடைப்பார்கள் என்று நம்புகிறார்கள். கிடைப்பதில்லை. மனிதர்களை முதலில் குறித்துக்கொண்டு, பாதையை அதற்கேற்ப வளைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

## 1. உங்களுக்கு எது இல்லாமல் முடியாது என்று பாருங்கள்

"துணை வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் எதையும் தேட முடியாது. அதற்குள் மூன்று தேவைகள் கலந்து கிடக்கின்றன: கூட்டாக வழிபட ஓர் இடம், சும்மா பேச ஆள், அவசரத்துக்கு வந்து நிற்க ஒருவர். மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

வழிபாட்டுக்குப் போகிற இடத்தில் அன்பாகப் பேசுவார்கள். ஆனால் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கேம்ப்கிரவுண்டில் (ஆர்.வி.க்களை நிறுத்தித் தங்கும் இடம்) பக்கத்து சைட்டில், அதாவது பக்கத்து வண்டிக்கான இடத்தில், இருப்பவருக்கு உங்கள் நம்பிக்கை எதுவென்று தெரியாமல் இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருபவர் அவர்தான். மூன்றையும் தனித்தனியாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "வாரம் எத்தனை முறை" என்று குறியுங்கள். வாராவாரம் கூட்டு வழிபாடு வேண்டும் என்கிறவரின் பாதையும், மாதம் ஒருமுறை போதும் என்கிறவரின் பாதையும் வேறு வேறு.

## 2. கிளம்பும் முன் ஊரில் முடிக்க வேண்டியவை

நீங்கள் வழக்கமாகப் போகும் கோயில், சர்ச், மசூதி அல்லது சத்சங்கத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வாராந்தரக் கூட்டத்தை இணையத்தில் ஒளிபரப்புகிறார்களா, வெளியூரில் இருந்து போனில் சேரலாமா என்று கேட்டு வையுங்கள். சொல்லாமல் போய்விட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி தொடர்புகொள்ளவே கூச்சமாகிவிடும்.

வீட்டில் ஒருவரோடு தொடர்பு நேரம் ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள். தினமும் கூப்பிடுவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். நெவாடாவிலும் யூட்டாவிலும் மணிக்கணக்கில் சிக்னல் இல்லாத சாலைகள் உண்டு. ஒருநாள் தவறினால் வீடே கலங்கிப்போகும். வாரத்தில் இரண்டு நாள், குறிப்பிட்ட நேரம், அதற்குப் பிறகு இத்தனை மணி நேரம் தகவல் இல்லையென்றால் யாரை அழைப்பது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வண்டி எண், கேம்ப்கிரவுண்டின் பெயர், சைட் எண் மூன்றும் அவர்களிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு இடம் மாறும்போதும் சைட் எண்ணை அனுப்புங்கள். பெரிய கேம்ப்கிரவுண்டில் அது இல்லாமல் ஆளைத் தேடுவது பெரும்பாடு.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். ஐபோன் 14 முதல் வந்தவற்றில் அவசர அழைப்புக்கு அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. வீட்டில் இருக்கும்போதே அதன் டெமோவை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். விழுந்து கால் பிசகிய பிறகு கற்றுக்கொள்வது கஷ்டம்.

## 3. நாட்காட்டி முதலில், பாதை அப்புறம்

மொத்தப் பயணமும் இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது.

ஒரு வெற்றுத் தாளில் உங்கள் வழிபாட்டு நாட்களை எழுதுங்கள்: ஞாயிறோ, வெள்ளியோ, சஷ்டியோ, அமாவாசையோ. பிறகு வருடத்தின் பெரிய நாட்கள்: தீபாவளி, ஈஸ்டர், ரம்ஜான். அந்த நாட்களில் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மீதி இடைவெளியில்தான் பள்ளத்தாக்கும் அருவியும்.

தமிழ்க் குடும்பங்கள் கூடும் கோயில்களை நங்கூரமாக வைத்துக்கொள்வது ஒரு நல்ல வழி. டெக்ஸாஸில் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் மீனாட்சி கோயில், பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில், கலிஃபோர்னியாவில் கலபாசஸ் ஊரில் இருக்கும் மாலிபு கோயில் ஆகிய மூன்றை வைத்தே நாட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடலாம். பெரிய திருவிழா என்றால் இடத்தை முன்கூட்டியே பிடியுங்கள். நவம்பர் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் யூபா சிட்டியில் சீக்கியர்களின் ஊர்வலத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பருவமும் கணக்கில் வரட்டும். குளிர்காலத்தில் தனியாகச் சுற்றுகிறவர்கள் தெற்கே இறங்கிவிடுகிறார்கள்: அரிசோனா, டெக்ஸாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு, ஃபுளோரிடா. ஜனவரியில் வடக்கே மினசோட்டாவில் ஆள் தேடினால் பனிதான் கிடைக்கும். கோடையில் நிலைமை தலைகீழ். தேசியப் பூங்காக்களில் அப்போது ஞாயிறு ஆராதனைகள் நடக்கும். "எ கிறிஸ்டியன் மினிஸ்ட்ரி இன் த நேஷனல் பார்க்ஸ்" என்ற அமைப்பு, பூங்காவில் பருவ வேலைக்கு வருபவர்களை வைத்தே அவற்றை நடத்துகிறது. நேரமும் இடமும் பூங்காவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள்.

அடுத்து, தங்கும் காலம். புதியவர்கள் ஓர் இடத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டு நகர்கிறார்கள். இரண்டு இரவில் பெயர்கூடப் பழகாது. குறைந்தது இரண்டு வழிபாட்டு நாட்களாவது ஒரே ஊரில் வரும்படி தங்குங்கள். முதல் வாரம் நீங்கள் விருந்தாளி. இரண்டாவது வாரம் அதே முகத்தைப் பார்த்ததும்தான் "இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா, வீட்டுக்கு வாருங்கள்" என்பார்கள். கூட்டாட்சி நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம். நிலங்களில் பெரும்பாலும் 14 நாள்தான் தங்க விடுவார்கள். அந்த 14 நாளில் இரண்டு ஞாயிறோ இரண்டு வெள்ளியோ எப்படியும் வந்துவிடும், முழுதாகத் தங்குங்கள். தனியார் ஆர்.வி. பூங்காக்களில் மாத வாடகைக்கு இடம் எடுத்தால் ஒரு இரவுக்கு ஆகும் செலவும் நன்றாகக் குறையும்.

## 4. வண்டிக்குள் உங்கள் வழிபாடு

கூட்டு வழிபாடு கிடைக்காத வாரங்கள் வரத்தான் செய்யும். வண்டிக்குள் நிலையான ஓர் இடம் இல்லையென்றால் அந்த வாரங்களில் எல்லாமே நின்றுபோகும். ஒரு அலமாரித் தட்டு போதும். ஓடும்போது விழாதபடி படத்தைத் திருகாணியிலோ வெல்க்ரோவிலோ பொருத்துங்கள்.

நெருப்பு விஷயத்தில் நான் கறார். வண்டிக்குள் எண்ணெய் விளக்கு, கற்பூரம், மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். சமையலுக்கும் ஹீட்டருக்கும் ஓடும் புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். அதனால்தான் வாயு அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் பொருத்துகிறார்கள். தரையில் அமர்ந்து விளக்கேற்றும் பழக்கம் வீட்டில் சரி, இங்கே ஆபத்து. பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊதுபத்திப் புகைக்கு அலாரம் அலறுகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஊதுபத்தியை விட்டுவிடலாம்.

வெளியே ஏற்றலாமே என்றால், மேற்கு மாநிலங்களில் கோடையில் தீத்தடை இருக்கும். முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். கரடி நடமாடும் பூங்காக்களில் படைத்த பழத்தையும் தேங்காயையும் வெளி மேஜையில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். வாசனை உள்ள எதுவும் வண்டிக்குள்ளோ இரும்புப் பெட்டியிலோ பூட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

தொழுகைக்காகக் கிப்லா (மக்காவின் திசை) பார்க்கிறவர்கள் காந்தத் திசைகாட்டியை வண்டிக்கு வெளியே, சில அடி தள்ளி நின்று பாருங்கள். உள்ளே இருக்கும் இரும்பு முள்ளை இழுக்கும். மணி, ஸ்பீக்கர், பஜனை எல்லாம் அமைதி நேரத்துக்கு வெளியே. பல இடங்களில் அது இரவு 10 முதல் காலை 6 வரை.

## 5. புதிய ஊரில் வழிபாட்டு இடத்துக்குப் போவது

இணையத்தில் நேரத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கிளம்பிப் போவதுதான் பொதுவான பிழை. முந்தைய நாளே போன் செய்யுங்கள். கேட்க வேண்டியவை நான்கு: இந்த வாரம் உண்டா, எத்தனை மணிக்கு, இத்தனை அடி நீள வண்டியை நிறுத்த இடம் உண்டா, எந்த வாசல் வழியாக வருவது. சிற்றூர்களில் கோடைக்கும் குளிருக்கும் நேரம் மாறும். இணையத்தில் இருப்பது பழையதாக இருக்கும். இந்துக் கோயில்கள் பலவும் வார நாட்களில் மதியம் நடை சாத்திவிடும்.

மணி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அரிசோனாவில் கோடைக்கால நேர மாற்றம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது) கிடையாது. ஆனால் அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவாஹோ பழங்குடிப் பகுதியில் உண்டு. நவாஹோவுக்கு நடுவில் இருக்கும் ஹோப்பி பகுதியில் மறுபடி இல்லை. ஒரே காலையில் மூன்றையும் கடந்து போனால் போன் கடிகாரம் தாவிக்கொண்டே இருக்கும். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது போய் நிற்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். "உங்கள் கடிகாரத்தில் இப்போது மணி என்ன" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆர்.வி.க்குப் பின்னால் ஒரு காரை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் காரில் போய்விடுங்கள். ஆர்.வி.யிலேயே போகிறவர்கள் வழியை முன்கூட்டிப் படத்தில் பாருங்கள். பிட்ஸ்பர்க் கோயில் மலைச்சரிவில் இருக்கிறது. மாலிபு கோயிலுக்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து கேன்யன் சாலையில் வந்தால் வளைவுகளும் ஒரு சுரங்கமும் குறுக்கே வரும். வடக்கே 101 நெடுஞ்சாலையில் இருந்து இறங்குவது எளிது. போய்ச் சேர்ந்ததும் வாகன நிறுத்தத்தின் கடைசி ஓரத்தில், வெளியேறும் பக்கம் பார்த்தபடி நிறுத்துங்கள். கூட்டம் நிரம்பிய பிறகு ரிவர்ஸ் எடுப்பது எல்லோருக்கும் தலைவலி.

சரி, உள்ளே போயாயிற்று. இனி முடிந்ததும் ஓடிவிடக் கூடாது. வழிபாட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பழக்கம் பிடிப்பது அதற்குப் பிறகு காபி மேஜையிலும், பிரசாத வரிசையிலும், சீக்கியர்களின் குருத்வாராவில் லங்கர் என்னும் பொது உணவுக் கூடத்திலும்தான். லங்கரில் எந்த மதத்தவரும் உட்கார்ந்து சாப்பிடலாம். தலையை மூடி, செருப்பைக் கழற்றினால் போதும். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவ ஒரு கை கொடுங்கள். சும்மா நிற்கும் புது ஆளிடம் என்ன பேசுவது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று தட்டு கழுவுகிறவரிடம் பேச்சு தானாக வரும்.

முதல் சந்திப்பிலேயே "இங்கே ராத்திரி வண்டியை நிறுத்திக்கொள்ளலாமா" என்று கேட்காதீர்கள். இலவச இடத்துக்காக வந்தவர் என்ற பெயர் விழுந்தால் அப்புறம் எதைச் சொன்னாலும் எடுபடாது.

## 6. கேம்ப்கிரவுண்டில் பழகுவது

இங்கே எழுதப்படாத விதிகள் சில உண்டு. தெரியாமல் மீறுகிறவரிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வெறுமனே விலகிவிடுவார்கள்.

முதல் விதி: வண்டியைப் பின்னெடுக்கும்போதும், டிரெய்லரைக் கோக்கும்போதும், கழற்றும்போதும் ஒருவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். அந்த வேலை ஒரு வரிசையில் நடப்பது. நடுவில் பேச்சு விழுந்தால் பாதுகாப்புச் சங்கிலியை மாட்ட மறப்பார்கள், ஆன்டெனாவை இறக்க மறப்பார்கள். கையைக் காட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். என்ஜின் அணைந்த பிறகு போங்கள். உங்களிடம் யாராவது அந்த நேரத்தில் வந்தாலும் "பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இரண்டாவது, அடுத்தவர் சைட்டின் குறுக்கே நடக்காதீர்கள், கழிப்பறைக்கு அது குறுக்கு வழியாகவே இருந்தாலும். அது அவர்களுடைய முற்றம்.

வந்து சேர்ந்த அன்று மாலையே நாற்காலியைச் சாலைப் பக்கம் பார்த்துப் போட்டு உட்காருங்கள். புதியவர்கள் பலரும் வண்டிக்குப் பின்பக்கம், காட்சியைப் பார்த்து உட்காருகிறார்கள். காட்சி நன்றாக இருக்கும், ஆனால் யாரும் வரமாட்டார்கள். முகம் சாலைப் பக்கம் இருந்தால், நாயோடு நடப்பவர்கள் நிற்பார்கள். வண்டியைப் பற்றிய கேள்விதான் இங்கே எல்லோருக்கும் பொதுப் பேச்சு. "இந்த சோலார் பேனல் குளிர்காலத்தில் தாக்குப்பிடிக்கிறதா" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பதில் வரும்.

பாட்லக் என்று ஆளுக்கொரு உணவு கொண்டுவரும் கூட்டு விருந்து பல பூங்காக்களில் நடக்கும். சைவமாக, காரம் குறைவாக, எல்லோரும் எடுக்கக்கூடிய ஒன்றைக் கொண்டுபோங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தால் ஒவ்வாமை உள்ளவர்கள் நன்றி சொல்வார்கள். நீங்கள் கறி சாப்பிடாதவர் என்றால் எது பாதுகாப்பானது என்று உங்களுக்கும் அடுத்த முறை எழுதி வைப்பார்கள்.

வால்மார்ட் வாகன நிறுத்தத்திலும் லாரி நிறுத்தத்திலும் துணை தேட வேண்டாம். அங்கே எல்லோரும் தூங்கி எழுந்து கிளம்பத்தான் வருகிறார்கள்.

## 7. கிளப்புகள்

எஸ்கேப்பீஸ் என்ற பெரிய ஆர்.வி. கிளப் டெக்ஸாஸின் லிவிங்ஸ்டனில் இருந்து இயங்குகிறது. வீடில்லாமல் சுற்றுபவர்களுக்கு அஞ்சல் முகவரியும் தருகிறது. லோனர்ஸ் ஆன் வீல்ஸ் தனியாக இருப்பவர்களுக்கு மட்டுமானது. ஆர்விங் விமன் பெண்களுக்கானது. சேர்வதற்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கிளப்புக்குக் கிளப், வயதும் பேச்சும் வேறு.

அரிசோனாவின் குவார்ட்ஸைட்டுக்கு ஜனவரியில் போகலாம். சிற்றூரைச் சுற்றிப் பாலைவனம் முழுக்க வண்டிகள் நிற்கும். அருகிலுள்ள லா போசா பகுதியில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்க அனுமதிச் சீட்டு உண்டு. கூட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம். முதல் நாளே ஒரு சிறு குழுவைத் தேடி அவர்களுக்கு அருகில் நிறுத்துங்கள். தனியாக ஓர் ஓரத்தில் நிறுத்தினால் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு நடுவிலும் தனியாகத்தான் இருப்பீர்கள்.

## 8. சேர்ந்து வேலை செய்வது

தயங்கிப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விருந்தில் பேசத் தெரியாதவர்கூட, ஒருவரோடு சேர்ந்து ஒரு கதவுக்குச் சாயம் அடித்தால் மாலைக்குள் பழகிவிடுவார்.

யுனைடெட் மெதடிஸ்ட் சபையோடு இணைந்த நோமேட்ஸ் அமைப்பில் ஆர்.வி.யோடு போய், சில வாரங்கள் ஓர் இடத்தில் தங்கிப் பழுதுபார்க்கும் வேலைகளில் சேரலாம், தனியாட்களும் போகலாம். வேலைத் திறமை இல்லையென்றாலும் சொல்லித்தருவார்கள். காலையில் பிரார்த்தனை, பிறகு வேலை என்று நாள் ஓடும். அந்த நம்பிக்கையில் இல்லாதவர்கள் விண்ணப்பிக்கும் முன் அதை மனதில் வையுங்கள்.

மத அடையாளம் வேண்டாம் என்றால், கேம்ப்கிரவுண்டில் தங்கி அதைக் கவனித்துக்கொள்ளும் ஹோஸ்ட் வேலை இருக்கிறது. வாரத்தில் சில மணி நேர வேலைக்குப் பதிலாக இணைப்புகளோடு இடம் இலவசம். கூட்டாட்சிப் பூங்காக்களின் வாய்ப்புகள் வாலண்டியர்.கவ் (Volunteer.gov) தளத்தில் வருகின்றன. கோடைக்கு வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே விண்ணப்பியுங்கள். மே மாதம் கேட்டால் நல்ல இடங்கள் போயிருக்கும். பேசும்போதே வார விடுமுறை எந்த நாள் என்று கேளுங்கள். ஹோஸ்டுக்கு வேலை குவிவது வாரக் கடைசியில். ஞாயிறு வழிபாடு முக்கியம் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

## 9. யாரிடம் எவ்வளவு சொல்வது

முதல் பேச்சில் "தனியாகத்தான் இருக்கிறேன், நாளை இன்ன இடத்துக்குப் போகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். பொய்யும் தேவையில்லை, "நண்பர்கள் எதிர்பார்க்கிறார்கள்" என்பது இரண்டாம் படியைச் செய்தவருக்கு உண்மைதான். படங்களை அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு வெளியிடுங்கள்.

இணையத்தில் பழகியவர் நேரில் சந்திக்கும் முன் பணம் கேட்டால், காரணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையின் பெயரால் வந்தாலும் அப்படித்தான். புதிய குழு ஒன்று பழைய நண்பர்களோடு பேசாதே என்று சொன்னாலும், வருமானத்தை விசாரித்தாலும், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சக்கரத்தின் மேல் இருப்பதில் உள்ள வசதி அது.

அதற்காக எல்லோரையும் சந்தேகிக்கவும் வேண்டாம். கேம்ப்கிரவுண்ட் ஹோஸ்டிடம் மட்டும் தனியாக இருப்பதைச் சொல்லி வையுங்கள். உடல்நலப் பிரச்சினை இருந்தால் அதையும். அவர் தினமும் சுற்றி வருகிறவர்.

## 10. மனம் தாழும் நாட்கள்

மழை பெய்யும் மூன்றாவது நாளிலும் பண்டிகை நாளிலும் தனிமை அழுத்தும். அப்போது இடம் மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள், மாற்றினால் பழகிய நாலு முகங்களும் போய்விடும். பொது நூலகத்துக்கோ, பூங்காவின் பொது அறைக்கோ போய் உட்காருங்கள்.

தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டு, வண்டியைவிட்டு இறங்கவே மனமில்லாமல் போனால் அது துணையால் மட்டும் தீர்கிற விஷயம் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 988 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். எந்த நேரமும் ஆள் இருப்பார்கள்.

## 11. கிளம்பும்போது

பெயர், போன் எண், வண்டியின் வகை மூன்றும் உள்ள சிறு அட்டைகளை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.வி.க்காரர்கள் ஆட்களைப் பெயரைவிட வண்டியை வைத்துத்தான் ஞாபகம் வைக்கிறார்கள். வீட்டு முகவரி மட்டும் அதில் வேண்டாம்.

அவர்கள் தந்த அட்டையின் பின்னால் அன்று இரவே எழுதுங்கள்: எங்கே சந்தித்தோம், நாயின் பெயர், எந்த மாதம் எங்கே இருப்பார்கள். ஒரு வாரத்துக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள். "தொடர்பில் இருப்போம்" என்று வெறுமனே அனுப்பினால் பதில் அநேகமாக வராது. "பிப்ரவரி இரண்டாம் வாரம் குவார்ட்ஸைட்டில் இருப்பீர்களா" என்று கேட்டால் வரும். பதில் வந்ததும் அந்தத் தேதியை அடுத்த வருட நாட்காட்டியில், பாதையைப் போடும் முன்பே, எழுதிவிடுங்கள்.